மீட்டர்க்காரர் வீட்டுச் செம்பருத்தி

முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதிய மனிதரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? மீட்டர்க்காரர்தான். அம்மா அப்பா யோசித்து யோசித்து வைத்த பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் புழங்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது வீடு. கேட்டைத் தட்டி, நாயிடம் நல்ல வார்த்தை சொல்லி, சந்து வழியாகப் பின்பக்கம் போய், ஒட்டடையை விலக்கி, டார்ச் அடித்து எண்ணைப் படிக்க வேண்டும். மூன்று தடவை நாய் கடித்தது. ஒரு தடவை நாயின் எஜமானர் கடிக்க வந்தார். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழுத் தெருவையும் எழுதி முடித்துவிடுவார்கள். போன தடவை இவ்வளவு, அதற்கு முந்தின தடவை இவ்வளவு, ஆகவே இந்தத் தடவை இவ்வளவு இருக்கும். இதற்கு அலுவலக பாஷையில் 'சராசரி' என்று பெயர்.

சராசரி என்பது மீட்டர்க்காரருக்குக் கெட்ட வார்த்தை. நேரில் பார்க்காத எண்ணை அவர் பேனா எழுதியதே கிடையாது. வீடு பூட்டியிருந்தால் 'பூட்டியிருந்தது' என்று எழுதுவார். மறுநாள் போவார். அன்றும் பூட்டியிருந்தால் அதற்கு மறுநாளும் போவார். இதற்காக அவருக்குப் பதவி உயர்வு ஏதும் வந்துவிடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவர்தான் பின்னால் அவருக்கு மேலதிகாரியாக வந்தார். ஓய்வு பெற்ற அன்று சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, "இவரைப் போல நேர்மையானவர்கள் அரிது" என்று பேசியதும் அவர்தான். அவரே சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கடிகாரத்தோடு வீட்டுக்கு வந்த மீட்டர்க்காரர், இனி ஆயுசுக்கும் ஒரு மீட்டர் முகத்தில் முழிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அவர் இருந்தது நாலு வீடு கொண்ட கட்டடத்தின் மாடியில். நாலு வீட்டு மீட்டரும் பின்சுவரில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பக்கமே அவர் திரும்பவில்லை.

அவர் மனைவி அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஆண்கள் வார்டு. ஆண்கள் முனகுவதை அவர் நோயில் சேர்ப்பதில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கணவரை நாலு நாள் பொறுத்தார்.

"எங்கயாவது போய் எதையாவது பாருங்களேன். இல்லன்னா என்னையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. எனக்கு ஒத்துக்காது."

அப்படித்தான் மீட்டர்க்காரர் தளிர் தோட்ட மன்றத்தில் சேர்ந்தார். ஊரிலுள்ள அத்தனை தோட்டத்தையும் பின்பக்கத்திலிருந்து பார்த்துப் பெருமூச்சு விட்டவர் அவர். சொந்தமாக இருந்தது ஆறடிக்கு மூன்றடி பால்கனி. அதில் பாதியைத் துணி காயப்போடும் கம்பி எடுத்துக்கொண்டிருந்தது.

மன்றத்தின் தலைவி பெரிய டீச்சர். பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தவர். அறுபது வயதுப் பல் டாக்டர்கூட அவர் முன்னால் கையைத் தூக்கி அனுமதி வாங்கித்தான் பேசுவார். கூட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நடக்கும். சுவரில் சொத்தைப் பல் படங்கள், கீழே பூந்தொட்டிகள்.

மன்றத்தின் முதல் சட்டம், செடியைக் கடையில் வாங்கக் கூடாது. ஒருவர் வீட்டிலிருந்து குச்சியோ கன்றோ இன்னொருவர் வீட்டுக்குப் போக வேண்டும். கொடுத்த வீடு பிறந்த வீடு, வாங்கிய வீடு புகுந்த வீடு, கொடுத்தவரும் வாங்கியவரும் சம்பந்திகள். விளையாட்டாக ஆரம்பித்த இந்தப் பேச்சு சீக்கிரமே வினையானது. "என் பொண்ணு உங்க வீட்டுல இளைச்சுப் போயிட்டாளே, தண்ணி காட்டறதில்லையா?" என்று மருந்துக்கடைக்காரரை வக்கீலம்மா நடுத்தெருவில் கேட்டுவிட்டார். அவர் கேட்டது ஒரு குரோட்டன்ஸைப் பற்றி. இரண்டு மாதம் இரு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்படிச் சண்டை வரக் கூடாதென்றுதான் பெரிய டீச்சர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். மாதா மாதம் ஒருவர் எல்லார் வீட்டுக்கும் போய், கை மாறிய செடிகளைப் பார்த்து, 'நலம்', 'சுமார்', 'கவலைக்கிடம்' என்று எழுத வேண்டும். யார் எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை. மீட்டர்க்காரர் உள்ளே நுழைந்த அன்றே அந்த நோட்டு அவர் கைக்கு வந்தது. அவர் அதில் தானே இன்னொரு கட்டம் கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டார். அதன் தலைப்பு: 'நேரில் பார்த்தது'. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அங்கே கையெழுத்துப் போட்டார். மனிதர் மறுபடியும் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார்.

பெரிய டீச்சர் வீட்டு வாசலில் ஒரு செம்பருத்தி இருந்தது. ரயிலில் கார்டாக இருந்த அவர் கணவர் எங்கேயோ ஒரு நிலையத்தில் ஒடித்து, ஈரக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தது. சந்தன மஞ்சள் நிறம், நடுவில் அரக்குச் சிவப்பு. ஐந்து இதழில் ஒன்று மட்டும் காதைத் திருகிவிட்ட மாதிரி பின்னால் மடங்கியே இருக்கும். அந்த மனிதர் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. டீச்சர் அந்தச் செடியிலிருந்து யாருக்கும் குச்சி கொடுத்ததில்லை. அந்த வருஷம் என்ன நினைத்தாரோ, ஐந்து குச்சிகளை வேர்விட வைத்து, ஐந்து பேருக்குக் கொடுத்தார். பல் டாக்டர், வக்கீலம்மா, மருந்துக்கடைக்காரர், வங்கியில் காசாளராக இருந்த அம்மாள், ஐந்தாவதாக மீட்டர்க்காரர்.

செம்பருத்தி சாதாரணமாகச் சாகிற ஜாதி இல்லை. அதைச் சாகடிக்கத் தனித் திறமை வேண்டும். மீட்டர்க்காரரிடம் அது இருந்தது. காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், நடுவில் முகம் வாடினால் தண்ணீர். பல் டாக்டர் சொன்னாரென்று முட்டை ஓடு. வக்கீலம்மா சொன்னாரென்று தேயிலைச் சக்கை. மருந்துக்கடைக்காரர் சொன்னாரென்று தலைவலி மாத்திரை. மூன்றே மாதத்தில் இலை மொத்தமும் உதிர்ந்து, தொட்டி நடுவே ஒரு கறுத்த குச்சி நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை மனைவி வந்து பார்த்தார்.

"அதுக்குப் போய் நாடி பாக்குறீங்களா? விடுங்க. முடிஞ்சு போச்சு."

"நல்லாப் பாரு. கொஞ்சம் பச்சை தெரியற மாதிரி இருக்கு."

"நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். குடுங்க இப்படி."

குப்பைத் தொட்டியில் போட முடியாது. பெரிய டீச்சர் தெருவுக்கும் அதே குப்பைக்காரர்தான், அவர் வாயில் எதுவும் தங்காது. நர்ஸம்மா தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே போனார். வெறும் தொட்டியோடு மேலே வந்தார். "அடக்கம் பண்ணியாச்சு" என்றார். எங்கே என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் பதிவேடு கொடுக்க வேண்டிய நாள். நாலு வீட்டுச் செடியையும் நேரில் பார்த்து எழுதியாகிவிட்டது. ஐந்தாவது வரியில் பேனா நின்றது. 'இறந்தது' என்று எழுதலாம். எழுதினால் டீச்சர் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒன்பது வருஷம் யாருக்கும் கொடுக்காததை நம்பிக் கொடுத்தவர். மீட்டர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். 'நலம்' என்று எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்தும் போட்டார்.

பிறகு பேருந்து ஏறி, ஊருக்கு வெளியே இருந்த நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழசு மாதிரியே இருக்கணுமா சார்? எவ்வளவு உசரம்? போட்டோ இருக்கா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இதெல்லாம் நமக்குப் புதுசா சார்? இலை ஒரே மாதிரிதான் இருக்கும். பூ விட ஒரு வருஷம் ஆகும், அதுக்குள்ள எல்லாரும் மறந்துடுவாங்க. தைரியமாக் கொண்டு போங்க."

ஒரு வருஷம் மீட்டர்க்காரர் மாதா மாதம் 'நலம்' எழுதினார். செடி நலமாகத்தான் இருந்தது, அது வேறு செடி என்பது ஒன்றுதான் குறை. பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த முதல் பொய் இருந்த பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிப் போனார். சாப்பாட்டில் ருசி குறைந்தது. மனைவி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "மனசாட்சிக்கு மாத்திரை கிடையாது" என்று கருவியைச் சுருட்டி வைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் பெரிய டீச்சர் வீட்டுச் செம்பருத்தியை மாவுப்பூச்சி பிடித்தது. டீச்சர் மருந்து அடித்தார். பூச்சி போய்ச் சேர்ந்தது, பின்னாலேயே செடியும் போய்ச் சேர்ந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்றபோது குரல் பள்ளிக்கூடத்துக் குரலாக இல்லை.

"தாய்ச்செடி போயிடுச்சு. ஆனா நான் அழப் போறதில்ல. அஞ்சு பொண்ணுங்க நல்லா இருக்காங்கன்னு பதிவேடு சொல்லுது. அடுத்த மாசம் அஞ்சு பேரும் செடியக் கொண்டு வாங்க. அதுல ஒண்ணுலேருந்து ஒரே ஒரு குச்சி எனக்குக் குடுங்க. அது போதும்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஐந்து பேர் கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்கள். அதை மீட்டர்க்காரர் கவனிக்கவில்லை, அவருக்கு அப்போது காது அடைத்திருந்தது.

நர்சரிச் செடியில் மொட்டு வந்திருந்தது. மனிதர் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து, மஞ்சளாக இருக்க வேண்டுமென்று வேண்டாத தெய்வம் இல்லை. கூட்டத்தன்று காலை அது மலர்ந்தது. அடுக்கடுக்காக, கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம்.

"குழந்தை மாறிப் போச்சுன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரியில நடக்கறதுதான்" என்றார் மனைவி.

"விளையாடாத. நான் உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"ஒரு வருஷம் கழிச்சாவது சொல்றீங்களே. போயிட்டு வாங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போங்க, இல்லன்னா ஓடி வர்றப்போ தடுக்கும்."

பல் டாக்டரின் அறையில் ஐந்து தொட்டிகளையும் வரிசையாக வைத்தபோது சுவரிலிருந்த சொத்தைப் பற்கள்கூட வாயைப் பிளந்திருக்கும். டாக்டர் செடியில் ரத்தச் சிவப்பு. வக்கீலம்மா செடியில் தும்பை வெள்ளை. மருந்துக்கடைக்காரர் செடியில் ஆரஞ்சு. காசாளரம்மாள் முன்யோசனைக்காரர், எல்லா மொட்டையும் கிள்ளிவிட்டு மொட்டைச் செடியாகக் கொண்டுவந்திருந்தார். கடைசியில் மீட்டர்க்காரரின் ரோஸ். ஒரு தாய் வயிற்றில் பிறந்த பெண்கள் ஒன்றுக்கொன்று ஜாடையே இல்லாமல் நின்றார்கள்.

டீச்சர் ஒவ்வொரு பூவையும் குனிந்து பார்த்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் மற்றவர்கள் சொன்னார்கள்.

"எங்க ஏரியா தண்ணியில குளோரின் ஜாஸ்தி. நிறம் மாறிடும்" என்றார் டாக்டர்.

"மண்ணுதான் காரணம். மண்ணு மாறினா குணம் மாறும்" என்றார் வக்கீலம்மா.

"நான் வைட்டமின் குடுத்தேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

டீச்சர் நிமிர்ந்தார். வக்கீலம்மா சட்டென்று பதிவேட்டை எடுத்து விரித்தார்.

"சந்தேகமே வேண்டாம் டீச்சர். இது மீட்டர்க்காரர் எழுதினது. ஒவ்வொரு மாசமும் 'நலம்', 'நேரில் பார்த்தது', கையெழுத்து. அவர் பாக்காததை எழுத மாட்டார்னு ஊருக்கே தெரியும்."

"ஆமா, அவரே சொல்லட்டும்" என்றார்கள் மற்றவர்கள். ஐந்து பொய்யும் போய் உட்கார ஒரே நாற்காலிதான் இருந்தது, அது இவருடைய நல்ல பெயர். டீச்சர் இவரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க."

மீட்டர்க்காரர் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார்.

"என்கிட்டக் குடுத்தது செத்துப் போச்சு டீச்சர். மூணே மாசத்துல. இது நர்சரியில வாங்கினது. செத்த அன்னிக்கும் 'நலம்'னுதான் எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

மற்ற நால்வரும் தலைகுனிவார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்தால் உங்களுக்கு மன்றங்களைப் பற்றி அதிகம் தெரியாது என்று அர்த்தம். முதலில் சுதாரித்தவர் வக்கீலம்மா.

"எழுதினவரே பொய்னு ஒத்துக்கிட்டார். இனி இந்தப் பதிவேட்டை வெச்சு யார் மேலயும் எதுவும் சொல்ல முடியாது."

"இவரைப் போய் இவ்வளவு நம்பினோமே" என்று டாக்டர் நெஞ்சில் கை வைத்தார். காசாளரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடையில் செடி வாங்கியது முதல் சட்டத்தை மீறிய குற்றம் என்று அரை மணி நேரம் விவாதம் நடந்து, மீட்டர்க்காரரை மன்றத்திலிருந்து விலக்குவதென்று முடிவானது. கை தூக்காதவர் பெரிய டீச்சர் மட்டும்தான். அவர் பதிவேட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். மீட்டர்க்காரர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். விலக்கினது அவருக்கு வலிக்கவில்லை. அந்த அம்மாளுக்கு ஒரு குச்சிகூட மிஞ்சவில்லையே என்பதுதான் வலித்தது.

மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அவரை நீக்கினார்கள். அதே குழுவில் இருந்த நர்ஸம்மாவை நீக்க மறந்துவிட்டார்கள். "டாக்டர் ஒரு ரோஜாப்பூ படம் போட்டிருக்கார். 'நேர்மையே நம் மன்றத்தின் வேர்'னு எழுதியிருக்கார்" என்று அவர் படித்துக் காட்டினார்.

பத்து நாள் மீட்டர்க்காரர் வீட்டை விட்டு நகரவில்லை. பதினொன்றாம் நாள் மின் அலுவலகச் சீட்டு ஒன்று கதவிடுக்கில் கிடந்தது. எப்போதும் அதை மனைவிதான் எடுத்து வைப்பார். அன்று அவர் குளித்துக்கொண்டிருந்ததால் இவர் எடுத்தார், படித்தார். முகம் சிவந்தது.

'செடி மறைப்பதால் மீட்டர் பார்க்க இயலவில்லை. சராசரி.'

"சராசரியா! என் வீட்டுக்கா?"

செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார். மீட்டர் பார்க்கப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண் இன்னும் அடுத்த கட்டடத்தைத் தாண்டவில்லை. அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது? பாக்க முடியலன்னா விலக்கிப் பாக்கணும். முப்பத்து நாலு வருஷம் நான் ஒரு சராசரி எழுதினதில்ல தெரியுமா?"

"அண்ணே, கோவப்படாதீங்க. நாலு மாசமா கீழ் வீட்டுல சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். பெட்டிக் கதவையே திறக்க முடியல. நீங்களே வந்து பாருங்க."

அவள் பின்பக்கம் அழைத்துப் போனாள். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக அந்தச் சுவர்ப் பக்கம் வந்தார் மீட்டர்க்காரர். மோட்டார் குழாயில் ஒரு கசிவு, யாரும் சரி செய்யாதது, சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஈரத்திலிருந்து, மீட்டர் பெட்டியை முழுசாக மறைத்துக்கொண்டு, ஆளுயரத்துக்கு ஒரு செம்பருத்தி நின்றது. மூன்று பூ பூத்திருந்தது. சந்தன மஞ்சள், நடுவில் அரக்குச் சிவப்பு. மூன்றிலும் ஒவ்வொரு இதழ் காது திருகிய மாதிரி மடங்கியிருந்தது.

"வெட்டிருவீங்களா அண்ணே?" என்றாள் அந்தப் பெண்.

மீட்டர்க்காரர் மாடி ஜன்னலைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். ஈரத் தலையோடு எட்டிப் பார்த்த நர்ஸம்மா பூவைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"செத்துப் போச்சுன்னு சொன்னியே!" என்று இவர் கத்தினார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல ஒண்ணு தப்பிப் பொழைச்சிருக்கு. அதுக்குப் போய்ச் சத்தம் போடுறீங்களா?" என்றார் அவர். ஆனால் சொன்ன கையோடு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெரிய டீச்சர் அரை மணி நேரத்தில் வந்தார். மீட்டர்க்காரர் போனில் எதையும் விளக்கவில்லை, "வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார். டீச்சர் செடிக்குப் பக்கத்தில் போய், மடங்கிய இதழை விரலால் நீவி நேராக்கினார். விட்டதும் அது மறுபடி மடங்கிக்கொண்டது. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் மீட்டர்க்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

"என்ன உரம் போட்டீங்க?"

"ஒண்ணும் போடல டீச்சர். மறந்துட்டோம்."

டீச்சர் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். இவர் ஒரு வருஷமாகத் தாண்டித் தாண்டிப் போன பக்கத்தைப் புரட்டினார்.

"இந்த நோட்டு முழுக்க இது ஒண்ணுதான்யா நிஜம். அதையும் பொய்னு நீங்களே சொல்லிட்டு வந்துட்டீங்களே."

"இல்ல டீச்சர். அன்னிக்கு நான் பாக்கல. பாக்காம எழுதினது எழுதினதுதான். அது சராசரி."

பேனாவை வாங்கி அந்த வரியை ஒரே கோட்டில் அடித்தார். கீழே அன்றைய தேதியைப் போட்டு எழுதினார்: 'பூ மூன்று. மொட்டு பதினேழு. நேரில் பார்த்தது.' கையெழுத்துப் போட்டார். பிறகு கிளையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, மீட்டர் எண்ணை உரக்கப் படித்து, அந்தப் பெண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

டீச்சர் ஒரு குச்சி கொண்டுபோனார். தன் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் போகும் வழியில் நட்டுவிட்டு, ஒரு மாதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். அது தளிர் விட்டது.

செய்தி மன்றத்துக்குப் போகாமல் இருக்குமா? அந்த வாரமே எல்லார் வீட்டுக் குழாயும் கசிய ஆரம்பித்தது. பல் டாக்டர் குளுக்கோஸ் ஏற்றும் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். மீட்டர்க்காரரை மறுபடி சேர்த்துக்கொள்வதாகவும், பழையபடி பதிவேட்டை அவரே எழுதலாம் என்றும் தீர்மானம் போட்டு, நால்வரும் நேரில் வந்து சொன்னார்கள்.

"எழுதறேன். ஆனா இனிமே 'நலம்', 'சுமார்' எல்லாம் எழுத மாட்டேன். பூ என்ன நிறம்னு மட்டும் எழுதுவேன்" என்றார் அவர்.

யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். பதிவேட்டை இப்போது வக்கீலம்மா எழுதுகிறார். எல்லார் வீட்டுச் செடிகளும் நலமாக இருக்கின்றன.